ஏறுகொடி — அத்தியாயம் 14: முப்பத்தோராவது எபிசோடு

ரோட்டு வளைவில், பஸ் நிற்கும் இடத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். காலை எட்டு மணிக்கு சென்றாயன் அங்கே போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

சேலத்து மறுவாழ்வு மையத்திலிருந்து ஒரு பெண் பேசினாள்.

“நாளைக்குக் காலையில பதினோரு மணிக்குள்ள கூட்டிட்டு வந்துருங்க ஐயா. அதுக்கு மேல அந்தப் படுக்கைய வெச்சிருக்க முடியாது. காத்திட்டிருக்கறவங்க நெறையப் பேரு.”

“வாரோம்மா. வண்டி சொல்லியாச்சு.”

“பையன் என்ன சொல்றாரு? அவருக்கு இஷ்டம் இருக்கணும். இங்க எல்லாம் அவரே செய்யறதுதான், நாங்க சொல்லித்தான் தருவோம். மாட்டேன்னு படுத்துக்கிட்டா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது.”

“வருவான்மா” என்றார்.

போனைச் சட்டைப்பையில் போட்டார். வருவானா என்று அவருக்கே தெரியாது. மகன் தரணிதரன் வாய் திறந்து பதினோரு நாளாகிறது. இரண்டு நாளாகக் கஞ்சியும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தண்ணீர் மட்டும் ஒரு மடக்கு, அதுவும் தங்கச்சி அழுதால்.

தை மாதம் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணி போட்டு அவனை ஏற்றியது சென்றாயன்தான். இருபத்தொரு வயதுப் பையன், மலையில் பிறந்தவன், மரம் ஏறுவது அவனுக்குப் புதிதில்லை. ஆனால் அன்று பனி இறங்கியிருந்தது. “வெயில் வரட்டுங்கப்பா, மூங்கில் ஈரமா இருக்குது” என்றான். “போனுல பொம்மைப் படம் பாக்க மட்டும் வெயில் வேண்டாமா?” என்று இவர் கேட்டார். அவன் பேசாமல் ஏறினான். இருபதடி உயரத்திலிருந்து விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், சென்றாயனைத் தனியாக அழைத்துச் சொன்ன விஷயம் வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். இன்னொருத்தி மகள் தேன்மொழி. இங்கிலீஷில் இருந்த காகிதத்தை அவள் படித்துவிட்டாள். மனைவி மாராயியிடம் அவர்கள் சொல்லவில்லை. அவள் இன்று விடியலிலேயே எட்டுக்கை அம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள், மகன் நடந்து வந்து கும்பிடுவான் என்ற வேண்டுதலோடு.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நர்ஸம்மா எதிரே வந்தார். தரணிக்கு இடுப்பில் கட்டு மாற்றிவிட்டு வருகிறார்.

“படுக்கைப்புண்ணு ஆழமாப் போயிட்டு இருக்குதுங்க. சாப்பிடாம இருந்தா ஆறவே ஆறாது. எலும்புக்குப் போயிருச்சுன்னா அப்பறம் உசுருக்கே…” அவர் முடிக்கவில்லை. “எப்படியாவது நாளைக்கு மலைய விட்டு எறக்கிருங்க அவனை.”

எப்படியாவது என்ற அந்தச் சொல்லோடு சென்றாயன் வீட்டுக்கு வந்தார்.

தேன்மொழி கேழ்வரகுக் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நாமக்கல்லில் காலேஜ் இரண்டாம் வருஷம். ஒரு மாதமாகப் போகவில்லை.

“குடிச்சானா கண்ணு?”

“இல்லீங்கப்பா. செவத்தப் பாத்துட்டுப் படுத்திருக்கான்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “முடிச்சிட்டீங்களா?”

“முடிச்சிட்டேன். நாப்பத்தெட்டும்.”

பத்து நாளாக அவர்கள் இருவருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த வேலை அது. தரணிக்குப் பிடித்த ஒரு அனிமே, ஜப்பான் பொம்மைப்படத் தொடர், உண்டு. ‘மூடுபனி மணிக்கூண்டு’ என்று பெயர். மூடுபனியோடு வரும் எதிரிகளை மணி அடித்து விரட்டும் ஒரு ஊரின் கதை. தமிழில் பேசுகிற மாதிரியே வந்திருக்கிறது. மூன்று தடவை பார்த்திருக்கிறான். அதைப் பற்றிச் சண்டை போடுவதற்கென்றே போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள், தர்மபுரியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பையன்கள். விழுவதற்கு முன் ராத்திரி சோறு தின்னும்போதுகூடத் தங்கச்சியிடம் அதைத்தான் பேசுவான். இது பலே, இது மட்டம், இந்த இடத்தில் கதை சறுக்கிருச்சு என்று.

“எங்கிட்டப் பேசமாட்டேங்கறான், அம்மாகிட்டப் பேசமாட்டேங்கறான். அதப் பத்திப் பேசுனாவது பேசறானா பாக்கலாம்” என்று தேன்மொழி சொன்னாள். “ஆனா நான் பேசுனா எடுபடாது. நான் பாதி பாத்தவ, அவனுக்குத் தெரியும். நீங்க பேசுங்க.”

அப்படித்தான் ஐம்பத்திரண்டு வயது சென்றாயன், மரவள்ளிக் காட்டில் மண் அணைத்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து, தேன்மொழி போனில் இறக்கி வைத்துக் கொடுத்த பொம்மைப் படத்தைப் பார்த்தார். முதல் மூன்று எபிசோடில் யார் யார் என்றே தெரியவில்லை. எல்லாருக்கும் ஒரே கண், ஒரே மூக்கு. தலைமயிரை வைத்து அடையாளம் பிடித்தார். பத்தாவதில் சாப்பாட்டை மறந்தார். இருபத்திரண்டாவதில், கதாநாயகன் இசாவோ மணிக்கூண்டிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தபோது, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காட்டுக்குள் நடந்து போய் நின்றார். திரும்பி வந்து மீதியையும் பார்த்தார்.

“வெறுமனே நல்லாருக்குன்னு மட்டும் சொல்லாதீங்கப்பா” என்றாள் தேன்மொழி இப்போது. “குறையும் சொல்லுங்க. குறை சொன்னாத்தான் அவனுக்குப் பொறுக்காது.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அறையில் மருந்து வாடையும் டெட்டால் வாடையும் இருந்தன. தரணி ஒருக்களித்து, சுவரைப் பார்த்தபடி கிடந்தான். தோள் எலும்பு சட்டைக்குள் துருத்திக்கொண்டிருந்தது. சென்றாயன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். விழுந்த நாளிலிருந்து இந்த அறைக்குள் அவர் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை.

“உன்ர படத்தப் பாத்தேன் சாமி” என்றார்.

அசைவில்லை.

“மணிக்கூண்டு படம். எனக்கு ஒண்ணு வெளங்கல. சண்டைக்கு நடுவுல கத்திய ஓங்கிட்டு நின்னு, சின்ன வயசுல நடந்ததையெல்லாம் நெனச்சுப் பாக்கறானுங்க. பாதி எபிசோடு அதுலயே போயிருது. அதுக்குள்ள எதுத்தாப்பல நிக்கறவன் ஒரு போடு போட மாட்டானா?”

சுவரில் பல்லி ஒன்று ஓடியது. தரணி அதைக்கூடப் பார்த்ததாகத் தெரியவில்லை.

“அப்பறம், நாப்பத்தெட்டு எபிசோடுலயும் ஒருத்தனும் களை எடுக்கல. அத்தன பேருக்கும் சோறு எங்கிருந்து வருதுன்னே காட்டல. காடு கழனி எல்லாம் தானா வெளையுது.”

வெளியே தேன்மொழி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்குத் தெரிந்தது. சொல்லி வைத்துக்கொண்டதெல்லாம் தீர்ந்துபோய்க்கொண்டிருந்தது. நாளை காலை வண்டி வரும். இவன் இப்படியே கிடப்பான். வண்டி திரும்பிப் போகும். அதற்குப் பிறகு என்ன என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

“எனக்கு ஆத்தரம் வந்தது அந்தக் கெழவன் மேலதான்” என்றார், ஏதாவது பேச வேண்டுமே என்று. “அந்த மணி வார்க்கறவன், தோஹெய். கூடவே இருந்துட்டு, கடைசியில மூடுபனிக்காரங்களுக்கு ஊர்க் கதவத் தொறந்து விட்டானே. துரோகி.”

“அவன் துரோகி இல்ல.”

குரல் கரகரத்து, மண்ணுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. சென்றாயன் முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். மிரண்ட கன்று பக்கத்தில் வந்து நிற்கும்போது கையை நீட்டினால் ஓடிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

“கதவத் தொறந்தானில்ல?” என்றார், சாதாரணமாக.

“தொறந்தான். அவங்களுக்கும் ஒரு பள்ளத்தாக்கு இருந்துச்சு. இவங்க மணி அடிச்சு அடிச்சுத்தான் அவங்க அங்கிருந்து போகவேண்டியதாச்சு. அந்த மணிய வார்த்தது அவன். அவனுக்கு அது தெரியும்.” தரணி நிறுத்தி மூச்சு வாங்கினான். “அந்தப் படத்துலயே பெரிய விஷயம் அதுதான். எதிரின்னு ஒருத்தன வெறுமனே காட்டல.”

“அது நான் கவனிக்கல.”

தரணி மெல்லத் தலையை மட்டும் திருப்பினான். கண் குழிக்குள் போயிருந்தது.

“நெசமாவே பாத்தீங்களா?”

“நாப்பத்தெட்டும்.”

“முப்பத்தஞ்சுல என்ன நடக்கும்?”

சென்றாயன் யோசித்தார். “அதுல ஒண்ணுமே நடக்கல. பழசையே திரும்பத் திரும்பக் காட்டுனாங்க. போனு கெட்டுப்போச்சுன்னு நெனச்சு அணைச்சுப் போட்டேன்.”

தரணியின் உதட்டோரம் ஒரு கணம் இழுத்துக்கொண்டது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க” என்றான். “படம் வரையறவங்களுக்கு நேரம் பத்தலைன்னா அப்படிப் போட்டு ஒப்பேத்துவாங்க. உங்களுக்கு யாரப் புடிச்சுது?”

“அந்த சோறு தூக்கிட்டுப் போற பொம்பள. கூண்டு மேல காவல் இருக்கறவங்களுக்கு எரநூறு படி ஏறிப் போயி சோறு குடுத்துட்டு, ஒண்ணும் பேசாம எறங்கி வருவாளே.”

“உமே.”

“ஆமா, உமே.”

“எங்க குரூப்புல ஒருத்தன்கூட அவளப் பத்திப் பேசுனதில்ல” என்றான் தரணி, ஆச்சரியத்தோடு அப்பாவைப் பார்த்து. “நான் மட்டும் ஒருதடவ எழுதுனேன். கிண்டல் பண்ணுனானுங்க.”

சென்றாயன் கஞ்சிக் கிண்ணத்தைக் கட்டில் விளிம்பில் வைத்தார். எடுத்துக் குடி என்று சொல்லவில்லை. பதினோரு நாளுக்குப் பிறகு மகன் பேசுகிறான், கேள்வி கேட்கிறான். இன்னும் ஒரு அடி வைத்தால் போதும் என்று தோன்றியது. அந்த ஒரு அடிக்காகத்தான் ஒரு விஷயத்தைக் கடைசிக்கு எடுத்து வைத்திருந்தார்.

“ஆனா எல்லாத்துலயும் நல்லாருந்தது முப்பத்தொண்ணுதான்” என்றார். “மலைக்குள்ள அந்த வெள்ளச் சுனையத் தேடிப் புடிச்சு, மூணு மடக்குத் தண்ணி குடிச்சதும் இசாவோ எந்திரிச்சு நிக்கறான் பாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு சாமி. விழுந்தவன் எந்திரிச்சான் பாத்தியா. அதுதான் அந்தப் படத்தோட பலமே.”

தரணியின் முகம் மாறியது. மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவான் என்று சென்றாயன் பயந்தார். அவன் திரும்பவில்லை. அப்பாவையே பார்த்தான்.

“அதுதான் அந்தப் படத்துலயே கேவலமான எபிசோடு.”

“ஏன் சாமி?”

“இருபத்திரண்டுல விழுந்தான். அதுல இருந்து ஒம்பது எபிசோடு அவன் தரையிலயே கெடந்தான். பாத்தீங்கல்ல? மொதல்ல சாகோணும்னு சொன்னான். அப்பறம் ஊர்ந்தான். மணிச் சத்தத்த வெச்சு எந்தப் பக்கம் பனி வருதுன்னு கண்டுபுடிக்கக் கத்துக்கிட்டான். சின்னப் பசங்களுக்கு அதச் சொல்லிக் குடுத்தான். அந்த ஒம்பது எபிசோடுதான் அந்தப் படத்தோட உசுரே. அந்த மாதிரி வேற எந்த அனிமேலயும் இல்ல.” மூச்சு இரைத்தது. நிறுத்தாமல் பேசினான். “முப்பத்தொண்ணுல தண்ணியக் குடிச்சுட்டு எந்திரிச்சு ஓடறான். அப்ப அந்த ஒம்பது எதுக்கு? கதை எழுதுனவனுக்குப் பயம். கால் வெளங்காத ஒருத்தன் கடைசி வரைக்கும் இருந்தா யாரு பாப்பாங்கன்னு பயம். அதான் பொய் சொல்லிட்டான்.”

சென்றாயன் கண்ணைத் தாழ்த்திக் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தார்.

“நீங்களும் அதத்தான் சொன்னீங்க” என்றான் தரணி.

“நான் என்ன…”

“பதினோரு நாளைக்கு முன்னாடி உங்ககிட்டக் கேட்டேன். டாக்டர் என்ன சொன்னாருன்னு. மூணு மாசத்துல எந்திரிச்சு நடப்பேன்னு சொன்னாருன்னீங்க. என்னப் பாத்துச் சொல்லல. ஜன்னலப் பாத்துச் சொன்னீங்க. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு.” அவன் குரல் உடைந்தது. “தேனு என்னைய நேராப் பாக்கறதில்ல. அம்மா தெனமும் நெத்தியில துந்நூறு பூசிட்டு, சித்திரைக்கு நடப்ப, வைகாசிக்கு நடப்பங்குது. இந்த ஊட்டுல எங்கிட்ட நெசம் பேச ஒரு ஆளு இல்ல. அப்பறம் நான் யாருகிட்ட என்ன பேசறது? எதுக்குத் திங்கறது?”

வாசற்படியில் நின்ற தேன்மொழி உள்ளே வரக் காலை எடுத்து வைத்தாள். சென்றாயன் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

டாக்டர் அன்று சொன்ன வார்த்தைகள் அப்படியே அவர் தொண்டையில் நின்றன. நாற்பது நாளாக அங்கேதான் நின்றிருந்தன. அதைச் சொன்னால் இவன் செத்துப்போவான் என்று நினைத்துத்தான் விழுங்கி வைத்திருந்தார். இப்போது பார்த்தால், சொல்லாததால்தான் செத்துக்கொண்டிருக்கிறான்.

அவர் எழுந்து கட்டிலில் உட்கார்ந்து மகனின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“நடக்க முடியாது சாமி.”

தரணி கண் இமைக்கவில்லை.

“டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு. முதுகுத் தண்டு அறுந்துருச்சு, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி திரும்பாதுன்னு. இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டுனேன். அவரும் அதையேதான் சொன்னாரு. நான்தான் பொய் சொன்னேன். தேனு மேல கோவிச்சுக்காத, நான்தான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சேன்.”

தரணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். முதலில் சத்தமே இல்லை. பிறகு, உடம்பின் மேல்பாதி மட்டும் குலுங்கக் குலுங்க அழுதான். கீழ்ப்பாதி போர்வைக்குள் அசையாமல் கிடந்தது. சென்றாயன் அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கஞ்சியில் ஆடை கட்டிவிட்டது.

“மரத்துல ஏறச் சொன்னதும் நான்தான்” என்றார், அவன் அழுகை கொஞ்சம் அடங்கிய பிறகு. “நீ ஈரமா இருக்குதுன்னு சொன்ன. நான் கேக்கல.”

தரணி முகத்தைத் துடைத்துக்கொண்டான். பரவாயில்லை என்று சொல்வான் என்று சென்றாயன் எதிர்பார்க்கவில்லை. அவன் சொல்லவும் இல்லை.

“அதுக்கு உங்க மேல கோவம் இருக்குது” என்றான். “நெறைய இருக்குது. அத இன்னைக்குப் பேச எனக்குத் தெம்பு இல்ல. ஆனா பேசுவேன்.”

“பேசு. எப்ப வேணும்னாலும் பேசு.”

சென்றாயன் விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டார்.

“சேலத்துல அந்த எடத்துல என்ன சொல்லித் தருவாங்க?” என்று தரணி கேட்டான்.

“தானா எந்திரிச்சு உக்கார. கட்டில்ல இருந்து சக்கர நாற்காலிக்கு மாற. தானாக் குளிக்க. கைய வெச்சுச் செய்யற வேலையும் சொல்லித் தருவாங்களாம்.”

தரணி தயங்கினான். “வெளிக்குப் போறது? அம்மா இல்லாம?”

“அதத்தான் மொதல்ல சொல்லித் தருவாங்களாம். அந்தப் பொண்ணு போனுல சொல்லுச்சு.”

தரணி கூரையைப் பார்த்தான். பிறகு கையை நீட்டி, ஆறிப்போன கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தான். சென்றாயன் அவன் தலையைத் தூக்கிப் பிடித்தார். மூன்று வாய் குடித்ததும் இருமினான். நிறுத்திவிட்டு மறுபடி குடித்தான்.

“வண்டி எத்தன மணிக்கு?”

“ஆறுக்கு வரச் சொல்லியிருக்குது. மலை ரோட்டு எழுவது வளைவும் மெதுவாத்தான் எறங்கோணும்.”

“அம்மாவுக்குத் தெரியாதுல்ல?”

“தெரியாது.” சென்றாயன் தலையைக் குனிந்துகொண்டார். “நான் ராத்திரிக்குள்ள எப்படியாச்சும்…”

“நீங்க வேண்டாம்” என்றான் தரணி. “நீங்க ஆரம்பிச்சா பாதியில அம்மா அழுகும். ஒடனே மாத்திச் சொல்லிருவீங்க. நானே சொல்றேன்.”

மதியம் இரண்டு மணி பஸ்ஸில் மாராயி வந்து இறங்கினாள். வாசலில் கால் கழுவிக்கொண்டே மகளைக் கேட்டாள்.

“ஏதாச்சும் குடிச்சானா?”

தேன்மொழி பதில் சொல்வதற்குள், உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அம்மா.”

மாராயியின் கையிலிருந்த செம்பு நின்றது. பதினோரு நாளாக அந்தச் சத்தத்தை அவள் கேட்கவில்லை. வீட்டு மூலையில் நின்ற புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை நாள் வாடிக் கிடந்த முகம் முழுக்கச் சிரிப்பு.

“ஏனுங்க, கேட்டீங்களா? பேசிட்டான். எம்புள்ள பேசிட்டான். நான் காலையில அம்மன் முன்னால நின்னு கேட்டது இங்க கேட்டிருச்சுங்க.”

சென்றாயன் தலையை ஆட்டினார். அவள் ஈரக்காலோடு உள்ளே ஓடினாள். தேன்மொழி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அறைக்குள் கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது.

“கிட்ட வந்து உக்காரும்மா” என்றான் தரணி.